எச்சிலைத் துப்பினால் இதயம் தெரிந்துவிடுமா?

1/
போன வாரம் ஒருநாள், ஓபியில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வரிசையில் இன்னும் நாற்பது பேராவது இருப்பாங்க. ஒரு ஆட்டோ ஓட்டுநர் அண்ணா உள்ளே வந்தார். வயசு 46. மூணு வாரம் முன்னாடி தலைசுத்தல்னு வந்தப்போ பிபி 160/100 இருந்தது. சுகர், கொழுப்பு, கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தச் சீட்டு நாலா மடிச்சு, வியர்வையில் நனைஞ்சு, அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஏண்ணா ரத்தம் குடுக்கல?"

"ஊசின்னா சின்ன வயசுல இருந்தே ஆகாது மேடம். கண்ணு இருட்டிட்டு வந்துரும்."

சொல்லிட்டு போனை எடுத்து நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. இனிமேல் ரத்தமே எடுக்க வேண்டாம், ஒரு வாய் எச்சில் போதும், மாரடைப்பு வருமா வராதான்னு முன்கூட்டியே சொல்லிடும்னு போட்டிருந்தது.

"இது நம்ம ஊருக்கு வரட்டும் மேடம். முதல் ஆளா வந்து துப்பிடறேன். அதுவரைக்கும் பிபி மாத்திரை மட்டும் குடுங்க."

2/
பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்குப் போன பிறகும் அது மனசை விட்டுப் போகல. ரெண்டு காரணம்.

ஒண்ணு, அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. அதுக்குப் பின்னாடி நிஜமான ஆராய்ச்சி இருக்கு.

ரெண்டாவது காரணம் எங்கப்பா. அதைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன்.

(அந்த அண்ணாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன். த்ரெட் நீளம். பொறுமையா படிங்க.)

3/
முதல்ல எச்சில்னா என்னன்னு பார்த்துடலாம்.

நம்ம வாயில் மூணு ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கு. காதுக்கு முன்னாடி ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒண்ணு, நாக்குக்கு அடியில் ஒண்ணு. இது போக உதடு, கன்னம், அண்ணம் எல்லா இடத்திலும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும்.

அதில் 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சம் இருக்கிற ஒரு சதவீதத்தில்தான் உப்புகள், செரிமான நொதிகள், ஹார்மோன்கள், கிருமியோடு சண்டை போடுற புரதங்கள் எல்லாம் இருக்கு.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது? ரத்தத்தில் இருந்து. சுரப்பியைச் சுத்தி நுண்ணிய ரத்தக்குழாய்கள் வலை மாதிரி படர்ந்திருக்கும். அதில் இருந்து திரவத்தை எடுத்துத்தான் சுரப்பி எச்சிலைத் தயாரிக்குது. அப்படி எடுக்கும்போது ரத்தத்தில் இருக்கிற சில பொருட்களும் கொஞ்சமா கூடவே வந்துடும்.

4/
இன்னொரு திரவமும் இருக்கு. பலருக்குத் தெரியாது.

பல்லும் ஈறும் சேர்ற இடத்தில் மெல்லிய இடுக்கு ஒண்ணு உண்டு. அந்த இடுக்கில் ஈறில் இருந்து ஒரு திரவம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். புது மண்பானையில் தண்ணி ஊத்தி வச்சா வெளிப்பக்கம் முத்து முத்தா துளிர்க்குமே, அந்த மாதிரி. ஈறு ஆரோக்கியமா இருந்தா கசிவு ரொம்பக் கம்மி. ஈறு வீங்கியிருந்தா கசிவு கூடும். இது கிட்டத்தட்ட ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருந்தே வடிஞ்சு வர்றது.

வாயில் இருந்து எடுக்கிற திரவத்தை வச்சு நோய் கண்டுபிடிக்கிறது புதுசும் இல்லை. ஈறை ஒரு பஞ்சுக்குச்சியால் தடவி, வீட்டிலேயே எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் கருவிக்கு அமெரிக்க அரசு 2012-லேயே அனுமதி கொடுத்தது. கொரோனா காலத்தில் பல நாடுகளில் எச்சிலை வச்சே பிசிஆர் செய்தாங்க.

அப்போ ரத்தக்குழாய் நோயையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமே? கேள்வி நியாயமானதுதான்.

5/
ரத்தக்குழாய் எப்படிக் கெட்டுப்போகுது?

வீட்டுக் குழாயில் உப்பு படியற மாதிரி கொழுப்பு படிஞ்சு அடைக்குதுன்னு நாமே நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கோம். அவசரத்துக்கு அது போதும். ஆனா முழு உண்மை அது இல்லை. ரத்தக்குழாய்க்கு உயிர் இருக்கு. அதன் உள்பக்கம் எண்டோதீலியம்னு ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம். எப்போ விரியணும், எப்போ சுருங்கணும், எங்கே ரத்தம் உறையக் கூடாது எல்லாத்தையும் பெரும்பாலும் பார்த்துக்கிறது அதுதான். விரியச் சொல்லி அது அனுப்புற செய்தி நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு. இதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைச்சது.

புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, இதெல்லாம் அந்தப் படலத்தை வருஷக்கணக்கா அரிக்குது. அரிச்ச இடத்தில் கொழுப்பு உள்ளே நுழையும். அதைத் துரத்த வெள்ளையணுக்கள் வரும். கைகால் காயம் சிவந்து வீங்கும் இல்லையா, அதே வேலை குழாய்ச் சுவருக்குள்ள சத்தமில்லாம நடக்கும். இதைத்தான் அழற்சின்னு சொல்றோம்.

ஆரம்பத்தில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. முதல் அறிகுறியே மாரடைப்பா இருக்கிற ஆட்களை நாங்க பார்க்கத்தான் செய்றோம்.

6/
இந்தச் சத்தமில்லாத அழற்சியை வெளியில் காட்டிக் கொடுக்கிற பொருட்கள் சில இருக்கு. அதில் பிரபலமானது சிஆர்பி. கொரோனா சமயத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட அதே சிஆர்பிதான். 1930-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிச்சாங்க. கல்லீரல் தயாரிக்கிற புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கூடும்.

மிக நுட்பமா அளக்கிற சிஆர்பி பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தா இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேலே அதிகம்னு ஒரு கணக்கு உண்டு. இது ரத்தத்துக்கான கணக்கு.

இதே சிஆர்பி எச்சிலிலும் இருக்கு. அது மட்டுமில்ல. வெள்ளையணுக்கள் கக்குற மையெலோபெராக்சிடேஸ், திசுவை அரிக்கிற எம்எம்பி வகை நொதிகள், இன்டர்லூக்கின்கள், இதயத் தசை சேதமானா வெளிவர்ற ட்ரோபோனின், இதையெல்லாம் எச்சிலில் தேடிப் பார்த்திருக்காங்க.

7/
மூணு ஆய்வு மட்டும் சொல்றேன். எண்ணிக்கையைக் கவனிச்சுப் படிங்க. அதில்தான் விஷயம் இருக்கு.

முதல் ஆய்வு, அமெரிக்கா, 2009. மாரடைப்பு வந்த 41 பேர், ஆரோக்கியமான 43 பேர். எச்சிலில் 21 புரதங்களை ஒரு சின்ன சில்லு மாதிரியான கருவியில் அளந்தாங்க. சிஆர்பி, மயோகுளோபின், மையெலோபெராக்சிடேஸ் மாதிரி சில புரதங்களை ஈசிஜியோடு சேர்த்துப் பார்த்தப்போ, ஈசிஜியை மட்டும் பார்க்கிறதைவிட நல்லா கண்டுபிடிக்க முடிஞ்சது.

ரெண்டாவது, இஸ்ரேல், 2020. இதயத் தசை சேதமான 32 பேர், ஆரோக்கியமான 13 பேர். எச்சிலில் நிறைஞ்சு கிடக்கிற மத்த புரதங்களை முதல்ல நீக்கிட்டு ட்ரோபோனின் தேடினாங்க. 84 சதவீதம் பேருக்குத் தெரிஞ்சது. நீக்காம அப்படியே பார்த்தா 6 சதவீதம்தான்.

8/
மூணாவது ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கனடா, 2023.

18 முதல் 30 வயசு வரை 28 பேர். யாருக்கும் புகைப்பழக்கம் இல்லை, நோய் இல்லை, ஈறு நோய் வந்ததாகவும் சொல்லல. வெறும் தண்ணியில் வாயைக் கொப்பளிச்சு, அப்புறம் உப்புநீரில் கொப்பளிச்சு, அந்த உப்புநீரைப் பிடிச்சு வச்சு, அதில் எத்தனை வெள்ளையணு இருக்குன்னு எண்ணினாங்க. அவ்வளவுதான்.

அதோட ரத்தக்குழாயையும் சோதிச்சாங்க. கையில் பிபி பட்டையைக் கட்டி, காத்தடிச்சு ரத்த ஓட்டத்தைச் சில நிமிஷம் நிறுத்திட்டு, சட்டுனு விடுவிக்கிறது. ரத்தம் பாய்ஞ்சு வரும்போது நல்ல ரத்தக்குழாய் விரிஞ்சு கொடுக்கும். எவ்வளவு விரியுதுன்னு அல்ட்ராசவுண்டில் அளப்பாங்க.

வாயில் வெள்ளையணு அதிகமா இருந்தவங்களுக்கு ரத்தக்குழாய் குறைவா விரிஞ்சது. ஆனா அவங்க ரத்தக்குழாய் கெட்டிப்பட்டிருக்கான்னு வேற ஒரு முறையில் பார்த்தப்போ, அதுக்கும் வெள்ளையணுவுக்கும் தொடர்பு தெரியல. அதாவது மாற்றம் தொடங்கியிருக்கலாம், இன்னும் இறுகல. அதுவும் ஈறு நோய் இருக்குன்னு தெரியாத இளவயசுக்காரங்களுக்கு.

அந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பின்னாடி இந்த மாதிரி ஆய்வு ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும். 28 பேர் வச்சு ஜாக்கிரதையா எழுதின ஒரு கட்டுரை, கைமாறிக் கைமாறி ஓபிக்கு வரும்போது "இனி ரத்தமே வேண்டாம்"னு ஆயிடுச்சு.

9/
சரி, அப்போ ஏன் இது இன்னும் நம்ம ஆஸ்பத்திரிக்கு வரல?

முதல் சிக்கல், அளவு. ரத்தத்தில் இருக்கிற சிஆர்பியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எச்சிலில் கிடைக்கும். அளக்கிற கருவி அவ்வளவு நுட்பமா இருக்கணும்.

ரெண்டாவது, நேரம். காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. சாப்பிட்டா மாறும், தண்ணி குடிச்சா மாறும், புளிப்பை நினைச்சாலே சுரப்பு கூடும். அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை, நீர் பிரியற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வாய் வறண்டு எச்சிலே கம்மியா இருக்கும்.

மூணாவது, ரத்தக் கலப்பு. அழுத்திப் பல் தேய்ச்சா கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் எச்சிலில் கலந்துடும். அப்புறம் எச்சிலை அளக்கிறோமா, ரத்தத்தை அளக்கிறோமா?

நாலாவதுதான் பெரிய சிக்கல். வாய் சும்மா இருக்கிற இடம் இல்லை. அங்கேயே சொந்தமா அழற்சி இருக்கும். ஈறு கெட்டுப்போன ஒருத்தர் எச்சிலில் இந்தப் பொருட்கள் எகிறி இருக்கும், இதயம் நல்லாவே இருந்தாலும். பல்லெல்லாம் பளிச்சுனு இருக்கிற இன்னொருத்தருக்கு இதயத்தில் மூணு அடைப்பு இருக்கலாம், எச்சில் அமைதியா இருக்கும்.

இதனால்தான் இவ்வளவுக்கு மேலே இருந்தா ஆபத்துன்னு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு எண் எச்சிலுக்கு இன்னும் கிடையாது. எண் இல்லாத பரிசோதனையை வச்சு நான் உங்களுக்கு மாத்திரை எழுத முடியாது.

10/
இப்ப எங்கப்பா கதை.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். காலையில் நாலரைக்கு எழுந்து, பின்கட்டில் துவைக்கிற கல்லு பக்கத்தில் நின்னு உமிக்கரியில் பல் விளக்குவார். துப்புறது எப்பவும் கறுப்பா இருக்கும். அதனால சிவப்பு யாருக்கும் தெரியல.

நான் எம்பிபிஎஸ் கடைசி வருஷம் படிக்கும்போது லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். உமிக்கரியை விட்டு பேஸ்ட்டுக்கு மாத்தினதே நான்தான். ரெண்டு நாள் கழிச்சு அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, பேஸ்ட்ல தேய்ச்சா ஈறுல ரத்தம் வருது. கீழ்ப்பல்லு ரெண்டு ஆடற மாதிரி இருக்கு. ஏதாவது மாத்திரை சொல்லு."

"வைட்டமின் சி கம்மியா இருக்கும்பா. நெல்லிக்காய் சாப்பிடுங்க. மெதுவா தேய்ங்க."

அவ்வளவுதான் சொன்னேன். டார்ச் அடிச்சு வாயைக்கூடப் பார்க்கல. அப்போ அவருக்கு 54 வயசு. டிரிப்புக்கு டிரிப்பு டீ, ரெண்டு பீடி. தொப்பை. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவார், "வயசாகுதில்ல"ன்னு சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் இதே விவரங்களைக் கேள்வியாகக் கொடுத்திருந்தா ஒரு நிமிஷத்தில் சர்க்கரை நோய்னு எழுதியிருப்பேன். அப்பாவா இருந்ததால எனக்குத் தோணல.

11/
ஒன்றரை வருஷம் கழிச்சு. நான் ஹவுஸ் சர்ஜன். விடியற்காலை அம்மாகிட்ட இருந்து போன்.

"அப்பாவுக்குத் தாடை வலிக்குதாம். பல்வலின்னு கிராம்பு வச்சிருக்காரு. ஆனா ரொம்ப வேர்க்குது."

தாடை வலி, வேர்வை. அந்த நொடி எனக்குப் புரிஞ்சது. 108-க்குச் சொன்னோம். ஈசிஜியில் மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாங்க, பிழைச்சுக்கிட்டார். அப்போ எடுத்த சுகர் 340. மூணு மாத சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி 11-க்கு மேலே. அதாவது சர்க்கரை அன்னைக்கு வந்ததில்லை. வருஷக்கணக்கா இருந்திருக்கு.

இதய வார்டில் அவர் பக்கத்தில் ஸ்டூலில் உக்கார்ந்திருந்தப்போ, ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிட்டு என்கிட்ட ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அன்னைக்குத்தான் எங்கப்பாவோட ஈறை முதல் தடவையா சரியாப் பார்த்தேன். வீங்கிச் சிவந்து, பல்லை விட்டு இறங்கி, ஓரத்தில் காரை படிஞ்சு.

12/
தெளிவா ஒண்ணு சொல்லிடறேன். ஈறு நோயால்தான் அப்பாவுக்கு அட்டாக் வந்ததுன்னு நான் சொல்லல. பீடி, சர்க்கரை, பிபி, எல்லாம் இருந்தது.

ஈறு நோய் இருக்கிறவங்களுக்கு இதய நோய் கூடுதலா இருக்குங்கிறது உண்மை. ஃபின்லாந்தில் 1989-லேயே எழுதிட்டாங்க. ஆனா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணா இருக்கலாம். புகை ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் எல்லா ஆய்வையும் அலசிட்டு, தொடர்பு இருக்கு, ஆனா ஈறு நோய்தான் காரணம்னு நிரூபணம் இல்லைன்னு சொன்னது.

லண்டனில் ஒரு ஆய்வு, 2007. கடுமையான ஈறு நோய் இருந்த 120 பேர். பாதிப் பேருக்கு ஈறை ஆழமா சுத்தம் செய்து தீவிர சிகிச்சை கொடுத்தாங்க. மறுநாள் அவங்க ரத்தக்குழாய் விரியற திறன் கொஞ்சம் குறைஞ்சது. ஆறு மாசத்தில் மத்தவங்களைவிட நல்லா இருந்தது. ஈறைச் சரி செய்தா ரத்தக்குழாய் வேலை மேம்படுது. ஆனா அதனால மாரடைப்பே தடுக்கப்படுதான்னு அந்த ஆய்வு காட்டல.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு இதைவிட உறுதியானது. சர்க்கரை கூடினா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை கட்டுப்படாது. ரெண்டு பக்கமும் போகும்.

எங்கப்பா விஷயத்தில் ஈறு ஒரு சேதி சொல்லியிருக்கு. இதயத்தைப் பத்தி இல்லாட்டியும் சர்க்கரையைப் பத்தி. நான் நெல்லிக்காய் சொல்லி அனுப்பிட்டேன்.

13/
இப்ப ஆட்டோ அண்ணாகிட்ட திரும்பி வருவோம்.

அன்னைக்கு சிரிச்சு முடிச்ச பிறகு நான் கேட்டேன். "அண்ணா, துப்பத் தயார்னு சொன்னீங்க இல்ல? வாயைத் திறங்க."

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஈறு வீங்கியிருந்தது. முன்பல்லுக்குப் பின்னாடி காரை. "பல் விளக்கும்போது ரத்தம் வருமா?"

"அது பல வருஷமா வருது மேடம். எல்லாருக்கும் வர்றதுதானே?"

எல்லாருக்கும் வர்றதுதானே. இந்த வார்த்தையைத்தான் இந்த த்ரெட் படிக்கிற எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும்னு கேட்டுக்கறேன். தினமும் பல் விளக்கும்போது கை விரலில் ரத்தம் வந்தா சும்மா இருப்போமா? ஈறில் வந்தா மட்டும் கொப்பளிச்சுட்டு வேலைக்குப் போயிடறோம்.

"அண்ணா, அந்த எச்சில் டெஸ்ட் எப்போ வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்க வாய் இன்னைக்கே ஒண்ணு சொல்லுது. அது சர்க்கரையான்னு பார்க்க ஒரே ஒரு ஊசி போதும். படுக்க வச்சு எடுக்கச் சொல்றேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

ஊசியைப் பார்த்தா மயங்கிடுவேன்னு சொல்றவங்க பயந்தாங்கொள்ளி இல்லை. சிலருக்கு ஊசியைப் பார்த்ததும் பிபியும் துடிப்பும் சட்டுனு இறங்கும். உடம்போட எதிர்வினை அது. படுத்துக்கிட்டே எடுத்தா பெரும்பாலும் பிரச்சனை வராது. இதை மூணு வாரம் முன்னாடியே நான் அவர்கிட்ட கேட்டிருக்கணும். வரிசை நீளமா இருந்தது, கேட்கல.

14/
மறுநாள் காலை வெறும் வயித்தில் வந்தார். எங்க லேப் அக்கா படுக்க வச்சு, ஊர்க்கதை பேசிக்கிட்டே எடுத்துட்டாங்க. "எடுத்தாச்சா?"ன்னு அவரே கேட்டாராம்.

வெறும் வயித்து சர்க்கரை 182. கெட்ட கொழுப்பு 158. ஈசிஜி நார்மல். கிரியாட்டினின் நார்மல்.

மாத்திரை தொடங்கியாச்சு. தொற்றா நோய்ப் பிரிவில் பெயர் பதிஞ்சாச்சு. பல் பிரிவுக்கும் அனுப்பினேன்.

"நல்லவேளை மேடம், அந்த டெஸ்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கல"ன்னார். எங்கப்பாவுக்கு இந்த வாய்ப்பு ஒன்றரை வருஷம் முன்னாடியே கிடைச்சிருக்கலாம்.

15/
இப்ப நீங்க செய்ய வேண்டியது. சேமிச்சு வச்சுக்கோங்க.

• பல் விளக்கும்போது ரெண்டு வாரத்துக்கு மேல ரத்தம் வருதா, பல் ஆடுதா, ஈறு இறங்குதா, வாய் ஓயாம நாறுதா? பல் மருத்துவரைப் பாருங்க. 30 வயசு தாண்டியிருந்தா கூடவே சர்க்கரையும் பிபியும் பாருங்க. பெரும்பாலும் காரணம் படிஞ்ச காரைதான், பயப்பட வேண்டாம். ஆனா பார்த்துடுங்க.

• பல் சுத்தம் செய்தா பல் ஆடிப்போகும்னு சொல்வாங்க. தப்பு. ஏற்கெனவே ஆடற பல்லைக் காரை பிடிச்சு வச்சிருக்கும். அதை எடுத்ததும் உண்மை தெரியுது, அவ்வளவுதான்.

• சர்க்கரை நோயாளிகள் கண், கால், கிட்னி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வாயையும் காட்டுங்க.

• இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுறவங்களுக்கு ஈறில் ரத்தம் வரலாம். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காம நிறுத்தாதீங்க. குறிப்பா ஸ்டென்ட் வச்சவங்க. நிறுத்தினதால் ஸ்டென்ட் அடைச்சு வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

• இதயத்தில் செயற்கை வால்வு வச்சிருந்தா, பல் மருத்துவர்கிட்ட போன உடனே முதல் வார்த்தையா அதைச் சொல்லுங்க.

16/
• நெஞ்சு வலி, நெஞ்சில் பாரம், இடது கை வலி மட்டும்தான் அட்டாக்னு நினைக்காதீங்க. கீழ்த்தாடை வலி, கழுத்து இறுக்கம், அதோட வேர்வை, மூச்சு வாங்குதல், நடந்தா கூடி நின்னா குறையற வலி, இதெல்லாமும் இதயமா இருக்கலாம். கிராம்பு தேடாதீங்க. 108-க்கு அடிங்க.

• பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. தமிழ்நாட்டில் "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் 2023-ல் இருந்து அங்கேயே தர்றாங்க.

• "மக்களைத் தேடி மருத்துவம்" பணியாளர் வீட்டுக்கு வந்து பிபி, சுகர் பார்க்கட்டுமான்னு கேட்டா, "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. கையை நீட்டுங்க.

• இணையத்தில் எச்சில் எடுத்து அனுப்பினா இதய ஆபத்து சொல்றோம்னு யாராவது காசு கேட்டா, கொடுக்காதீங்க. பிபி கருவி, சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி. அரசு மருத்துவமனையில் இது எல்லாம் இலவசம். பல்லாயிரக்கணக்கான பேர் வச்சு, பல பத்து வருஷம் சோதிச்சு நம்பகமானது.

17/
எச்சில் பரிசோதனைமேல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுடாதீங்க. நிறைய இருக்கு. ஊசி, லேப், மின்சாரம் எதுவும் சரியா இல்லாத மலைக்கிராமத்தில், ஒரு செவிலியர் உப்புநீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்லி, யாரை முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு கண்டுபிடிக்க முடிஞ்சா எவ்வளவு பெரிய விஷயம். ஆய்வாளர்கள் அதை நோக்கித்தான் போயிட்டிருக்காங்க. 28 பேர் 28 ஆயிரம் பேர் ஆகணும். வெவ்வேறு ஊர், வெற்றிலை புகையிலை போடுற வாய், சர்க்கரை இருக்கிற வாய், எல்லாத்திலும் சோதிக்கணும். அந்த நாள் வந்தா நானே முதல் ஆளா த்ரெட் போடறேன்.

அதுவரைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டுக் காத்திருக்காதீங்க.

18/
அப்பா இப்ப நல்லா இருக்கார். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுற அளவு 40 சதவீதம்தான். மாடி ஏறினா நடுவில் ஒரு தடவை நிப்பார். பீடியை விட்டு பல வருஷம் ஆச்சு. கீழ்ப்பல்லு ரெண்டையும் எடுத்தாச்சு. மிச்சப் பல்லை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்துக்கிறார்.

இந்தக் கதையை எழுதட்டுமான்னு கேட்டேன். "நெல்லிக்காய் சொன்னதையும் எழுதுவியா?"ன்னு கேட்டார். எழுதுவேன்னு சொன்னேன். "அப்ப சரி"ன்னார்.

தினமும் காலையில் பல் விளக்கிட்டு எனக்குப் போன் போடுவார். சுகர் எவ்வளவுன்னு சொல்லுவார். அப்புறம் சொல்லுவார்:

"இன்னைக்கும் வெள்ளைதான் பாப்பா."

உங்க அப்பா அம்மாகிட்ட இன்னைக்கு ஒரு வார்த்தை கேளுங்க, பல் விளக்கும்போது ரத்தம் வருதான்னு. சந்தேகம் இருந்தா கீழே எழுதுங்க, டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.